வீட்டைச் சுத்தம் செய்ய எத்தனை பாட்டில் வேண்டும்?

வீட்டில் எதை ஊற்றிக் கழுவினாலும் கடைசியில் அது சாக்கடைக்குத்தான் போகிறது. அங்கிருந்து ஆற்றுக்கோ ஏரிக்கோ மண்ணுக்கோ போகும். பாட்டிலின் மேல் பச்சை இலை வரைந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் வழி அதேதான். அதனால் ஒரு பொருள் சுற்றுச்சூழலுக்கு உகந்ததா என்று பார்க்க வேண்டுமானால், தொட்டியின் துவாரத்துக்குள் இறங்கிய பிறகு அது என்ன ஆகிறது என்று முதலில் கேட்க வேண்டும்.

இந்தக் கேள்வி 1950களில் பெரிதாக எழுந்தது. அந்தக் காலத்தில் துணி சோப்பின் இடத்தை டிடர்ஜென்ட் பவுடர் பிடித்துக்கொண்டிருந்தது. அதில் அழுக்கை எடுக்கும் முக்கியப் பொருளின் மூலக்கூறு கிளை கிளையாகப் பிரிந்திருக்கும். தண்ணீரில் வாழும் பாக்டீரியாக்களால் அந்தக் கிளைகளைச் சரியாகச் சிதைக்க முடியவில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆறுகளின் மேல் நுரை மெத்தை மெத்தையாக மிதந்தது. ஜெர்மனி 1961இல் இதற்கென்று ஒரு சட்டமே கொண்டுவந்தது. அமெரிக்க உற்பத்தியாளர்கள் 1965 வாக்கில் கிளையில்லாத, நேராக நீண்ட மூலக்கூறுக்கு மாறினார்கள். பாக்டீரியாக்களால் அதைத் தின்ன முடிந்தது, நுரையும் அடங்கியது.

அடுத்து வந்த சிக்கல் பாஸ்பேட். கால்சியம் போன்ற உப்புகள் மிகுந்த கடின நீரிலும் டிடர்ஜென்ட் நன்றாக வேலை செய்யட்டும் என்று அதைச் சேர்த்தார்கள். பாஸ்பேட்டில் இருப்பது பாஸ்பரஸ். பயிருக்கு உரமாகும் பாஸ்பரஸ் பாசிக்கும் உரம்தானே? 1973இல் கனடாவில் ஒரு சிறிய ஏரியைத் திரை போட்டு இரண்டாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். இரண்டு பக்கத்திலும் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்தார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் கூடவே பாஸ்பரஸ். அந்தப் பக்கம் மட்டும் பாசி படர்ந்து பச்சையானது. இப்படிப் பெருகும் பாசி இறந்து அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் மூச்சுத் திணறிச் சாகும். ஐரோப்பிய ஒன்றியம் வீட்டுச் சலவைப் பொருட்களில் பாஸ்பேட்டை 2013இலும், பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கான பொருட்களில் 2017இலும் கடுமையாகக் கட்டுப்படுத்தியது.

இந்த இரண்டு கதைகளையும் வைத்துப் பார்த்தால் நாம் கேட்க வேண்டியவை மூன்று. தண்ணீரில் கலந்த பிறகு அது சீக்கிரம் சிதையுமா? சிதையும்வரை அங்கிருக்கும் உயிர்களுக்குத் தீங்கு செய்யுமா? நாம் எவ்வளவு ஊற்றுகிறோம்? முதல் இரண்டும் தயாரிப்பவர் கையில் இருக்கின்றன. மூன்றாவது முழுக்க நம் கையில். நல்ல பொருளை அளவில்லாமல் ஊற்றுவதைவிட, சுமாரான பொருளைக் குறைவாக ஊற்றுவது பல நேரம் தண்ணீருக்கு நல்லது. காசுக்கும் அதுவே நல்லது.

குறைவாக ஊற்ற வேண்டுமானால் எதிரே இருப்பது என்ன அழுக்கு என்று தெரிய வேண்டும்.

அழுக்குக்கு அறை தெரியாது

கடையில் பொருட்களை அறைவாரியாக அடுக்கியிருப்பார்கள். சமையலறைக்கு ஒன்று, குளியலறைக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, தரைக்கு ஒன்று. அடுப்பு மேடையில் படிந்த எண்ணெயும் சட்டைக் காலரில் ஏறிய எண்ணெயும் வேதியியலில் ஒரே குடும்பம்தான். குழாய் முனையில் வெள்ளையாகப் படிவதும் கெட்டிலின் அடியில் படிவதும் பெரும்பாலும் ஒரே உப்பு. அறையை மறந்துவிட்டு அழுக்கைப் பார்த்தால் தேவையான பொருட்கள் சட்டென்று குறைந்துவிடும். எனக்கு இது பிடிபட்ட பிறகு ஐந்தாறு பொருட்களோடு நிறுத்திக்கொண்டேன். வீட்டின் சுத்தத்தில் ஒரு குறையும் இல்லை.

தூசிக்கும் மண்ணுக்கும் பெரும்பாலும் ஒன்றும் வேண்டாம். ஈரத்துணி போதும். கண்ணாடிக்கும் அதேதான்: ஈரத்துணியால் ஒரு முறை, காய்ந்த துணியால் ஒரு முறை. மைக்ரோஃபைபர் துணி வெறும் தண்ணீரிலேயே நிறைய அழுக்கை இழுத்துக்கொள்ளும். ஆனால் அது பிளாஸ்டிக் இழை, துவைக்கும்போது நுண்துகள்கள் உதிரும். பழைய பருத்திச் சட்டையைக் கிழித்து வைத்துக்கொண்டால் பாதி வேலைக்கு அதுவே போதுமானது.

எண்ணெய்ப் பிசுக்குக்குத்தான் சோப்பும் பாத்திரம் கழுவும் திரவமும். இவற்றில் உள்ள மூலக்கூறுக்கு ஒரு தலையும் ஒரு வாலும் உண்டு. தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்கு எண்ணெய் பிடிக்கும். வால்கள் எல்லாம் எண்ணெய்த் துளிக்குள் குத்திக்கொண்டு நிற்க, தலைகள் வெளியே தண்ணீரைப் பார்த்து நிற்கும். இப்படிச் சூழப்பட்ட எண்ணெய் சிறு சிறு உருண்டைகளாகப் பிரிந்து தண்ணீரோடு போய்விடும். இந்த வேலையில் நுரைக்குப் பங்கு மிகக் குறைவு. நுரை கொட்டினால்தான் அழுக்கு போகும் என்ற எண்ணத்தில் நாம் ஊற்றும் கூடுதல் திரவம், அலசுவதற்குக் கூடுதல் தண்ணீரைத்தான் கேட்கும். பாத்திரம் கழுவும் திரவத்தில் சில சொட்டு ஒரு வாளி தண்ணீரில் கலந்தால் தரை, மேடை, கதவு எல்லாம் துடைக்கலாம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எண்ணெயும் காரமும் (ஆல்கலி) சேர்த்துக் காய்ச்சிய பழைய வகை சோப்பு எளிதில் சிதையும், நல்ல பொருள்தான். ஆனால் தண்ணீர் கடினமாக இருந்தால் அதிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து சாம்பல் நிறப் படலமாகத் திரியும். பாதி சோப்பு அதிலேயே வீணாகும். கடின நீர் வரும் வீட்டில் துணிக்கு டிடர்ஜென்ட்தான் சிக்கனம். 'இயற்கையானது' என்பதற்காக மட்டும் சோப்புக்கு மாறினால் துணி மங்கும், செலவும் ஏறும்.

காய்ந்து இறுகிப்போன பிசுக்குக்குச் சலவை சோடா. இது சோடியம் கார்பனேட், சமையல் சோடாவைவிடப் பல மடங்கு காரம் கூடியது. காரம் எண்ணெயை உடைத்து அதில் ஒரு பகுதியைச் சோப்பாகவே மாற்றிவிடும். அடி பிடித்த எஃகுப் பாத்திரத்தில் வெந்நீரும் ஒரு கரண்டி சலவை சோடாவும் போட்டு இரவு வைத்துவிட்டால் காலையில் தேய்க்கும் வேலை பெரும்பாலும் இருக்காது. அலுமினியத்தில் மட்டும் போடக் கூடாது, அரித்துக் கறுத்துவிடும். கையுறையும் அவசியம். சமையல் சோடா மிதமான காரம் என்பதால் தேய்ப்புப் பொடியாகவும் நாற்றம் போக்கவும் நல்லது. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

வெள்ளையாகப் படியும் உப்புக்கறை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். சோப்பை எவ்வளவு போட்டுத் தேய்த்தாலும் அது அசையாது. அதற்கு அமிலம் வேண்டும். வினிகரோ சிட்ரிக் அமிலமோ பட்டவுடன் கறை குமிழி விட்டுக் கரைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வெளிவருவது கார்பன் டை ஆக்சைடு. இந்த இரண்டில் நான் சிட்ரிக் அமிலத்தின் பக்கம். சாதாரண வினிகரில் அமிலம் 5 சதவீதம் அளவுக்குத்தான், மீதி கிட்டத்தட்ட எல்லாம் தண்ணீர். சிட்ரிக் அமிலம் பொடியாகக் கிடைக்கும், ஈரம் படாமல் வைத்தால் நெடுநாள் கெடாது, வாடையும் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒன்றிரண்டு மேசைக்கரண்டி போதும். பளிங்கு, சுண்ணாம்புக்கல் தரைகளில் எந்த அமிலமும் படக் கூடாது. அந்தக் கல்லே கால்சியம் கார்பனேட். கறையைத் தின்னும் அமிலம் தரையையும் தின்றுவிடும்.

துணியில் படியும் உணவு, ரத்தம், வியர்வைக் கறைகளுக்கு என்சைம். நம் வயிற்றில் உணவைச் செரிக்க வைக்கும் அதே வகைப் பொருள்தான். புரதத்துக்கு ஒரு வகை, மாவுச்சத்துக்கு ஒரு வகை, கொழுப்புக்கு ஒரு வகை என்று தனித்தனியாக உண்டு. ஜெர்மன் வேதியியலாளர் ஓட்டோ ரோம் 1913இலேயே விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்த என்சைமைச் சலவைக்குப் பயன்படுத்தக் காப்புரிமை பெற்றார். என்சைம் உள்ள டிடர்ஜென்ட் மிதமான சூட்டிலேயே வேலை செய்துவிடும். வெந்நீர்ச் சலவையில் இயந்திரம் எடுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி தண்ணீரைச் சுட வைக்கவே போகிறது என்பதால், இது பெரிய மிச்சம். பட்டும் கம்பளியும் புரத இழைகள். அவற்றுக்குப் புரதம் செரிக்கும் என்சைம் ஆகாது. ரத்தக்கறையைக் குளிர்ந்த நீரில் அலசுங்கள். வெந்நீர் பட்டால் புரதம் இறுகித் துணியோடு ஒட்டிக்கொள்ளும்.

மஞ்சளித்த வெள்ளைத் துணிக்கும் நிறக்கறைக்கும் சோடியம் பெர்கார்பனேட் என்ற பொடி இருக்கிறது. தண்ணீரில் கரைந்ததும் சலவை சோடாவாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் பிரியும். பெராக்சைடு தன் வேலை முடிந்ததும் தண்ணீரும் ஆக்சிஜனுமாக மாறிவிடும். குளோரின் பிளீச்சுக்கு நான் கண்ட நல்ல மாற்று இது. 40 டிகிரிக்கு மேற்பட்ட வெந்நீரில்தான் நன்றாக வேலை செய்யும். பட்டு, கம்பளிக்கு இதுவும் ஆகாது.

நேரம்தான் மலிவான பொருள்

1959இல் ஹெர்பர்ட் சின்னர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் சுத்தம் செய்வதை ஒரு வட்டமாக வரைந்து காட்டினார். அதில் நான்கு பகுதிகள்: ரசாயனம், தேய்ப்பு, சூடு, நேரம். ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றைக் கூட்டி ஈடுகட்டலாம். தொழில்முறையாகச் சுத்தம் செய்பவர்கள் இன்றும் இதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள்.

விளம்பரங்கள் நம்மிடம் விற்பது நேரமில்லாத சுத்தம். தெளித்தவுடன் துடைக்க வேண்டும், கறை மறைய வேண்டும். அதற்கு ரசாயனம் கடுமையாக இருந்தாக வேண்டும். நாம் பத்து நிமிடம் பொறுத்தால் மிதமான பொருளே போதும். குழாயில் படிந்த உப்புக்குச் சிட்ரிக் அமிலக் கரைசலில் நனைத்த துணியைச் சுற்றி அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். பிசுக்கு ஏறிய மேடையில் சோப்புத் தண்ணீரைத் தடவிவிட்டு வேறு வேலை பாருங்கள். 'வீட்டுப் பொருள் ஒன்றும் வேலை செய்வதில்லை' என்று அலுத்துக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் அதற்கு நேரம் கொடுத்திருக்க மாட்டார்கள்.

எதை எதோடு கலக்கக் கூடாது

வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்தால் பொங்கும். பார்க்க வலுவான கலவை மாதிரி தெரியும். நானும் பல காலம் அப்படித்தான் கலந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். உண்மையில் நடப்பது, அமிலமும் காரமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வது. பொங்கி அடங்கிய பிறகு மிஞ்சுவது சோடியம் அசிட்டேட் கலந்த தண்ணீர். அதற்குக் கறை எடுக்கும் வலு கிடையாது. இரண்டும் வேண்டுமானால் ஒன்றைப் போட்டு அலசிவிட்டு, அப்புறம் மற்றதைப் போடுங்கள்.

இது வீண்செலவு, அவ்வளவுதான். அடுத்துச் சொல்லப்போவது உயிர் சம்பந்தப்பட்டது. குளோரின் பிளீச்சோடு எந்த அமிலமும் சேரக் கூடாது. வினிகர், சிட்ரிக் அமிலம், ஹைட்ரோகுளோரிக் அமிலம் உள்ள கழிப்பறைத் திரவம், எது சேர்ந்தாலும் குளோரின் வாயு வரும். முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்ட அதே வாயு. பிளீச்சோடு அம்மோனியா சேர்ந்தால் குளோராமைன் வரும், அதுவும் நுரையீரலைத் தாக்கும். வினிகரையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் ஒரே பாட்டிலில் கலந்து வைத்தால் பெராசிட்டிக் அமிலம் உருவாகும். கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். தெரியாத இரண்டு பொருட்களைக் கலக்கவே வேண்டாம் என்று வைத்துக்கொண்டால் இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

கிருமிநாசினி எப்போது வேண்டும் என்பதிலும் குழப்பம் உண்டு. சோப்புப் போட்டுத் தேய்த்து அலசினாலே கிருமிகளில் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும். அன்றாடம் தரை, மேசை துடைக்க இது போதும். பச்சை இறைச்சி பட்ட பலகை, வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தவர் பயன்படுத்திய கழிப்பறை, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் இருக்கும் வீடு போன்ற இடங்களில்தான் கிருமிநாசினி தேவை. அங்கே தயங்காமல் பயன்படுத்துங்கள். வினிகரை நம்பி உட்காராதீர்கள். பல கிருமிகளுக்கு அது போதாது. 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு நல்ல தேர்வு. வெளிச்சம் பட்டால் சிதையும் என்பதால் அதைக் கருத்த பாட்டிலிலேயே வைக்க வேண்டும். எந்தக் கிருமிநாசினியானாலும் முதலில் அழுக்கைக் கழுவிவிட்டு, லேபிளில் சொன்ன நேரம்வரை பரப்பு ஈரமாக இருக்கும்படி விட வேண்டும். தெளித்தவுடன் துடைத்துவிட்டால் பயனில்லை. 'பாக்டீரியாவை எதிர்க்கும்' கைகழுவும் சோப்புக்குக் கூடுதல் காசு கொடுப்பது தேவையற்றது. அது சாதாரண சோப்பைவிட மேலானது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று சொல்லி, ட்ரைக்ளோசன் உட்பட கிருமி கொல்லும் 19 பொருட்களை அத்தகைய சோப்புகளில் சேர்க்க அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016இல் தடை விதித்தது.

லேபிளை எப்படிப் படிப்பது

'கெமிக்கல் இல்லாதது' என்று எழுதியிருந்தால் அந்த வாசகத்துக்கு அர்த்தமே இல்லை. தண்ணீரும் ஒரு கெமிக்கல்தான். 'இயற்கையானது', 'பசுமையானது' என்ற சொற்களை யாரும் எழுதிக்கொள்ளலாம். இயற்கையில் கிடைப்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது. போராக்ஸ் மண்ணில் கிடைக்கும் தாதுதான். இனப்பெருக்கத்துக்குத் தீங்கு செய்யக்கூடியது என்று ஐரோப்பிய ஒன்றியம் அதை வகைப்படுத்தியிருக்கிறது. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் இருக்கும் லிமோனீன் சிலருக்குத் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து ஃபார்மால்டிஹைடையும் தரும். தேயிலை மர எண்ணெய் பூனைகளுக்கு நஞ்சு. வாசனை சுத்தத்தின் அடையாளம் அல்ல என்பதால், வாசனை சேர்க்காத பொருளைத் தேடுவது என் வழக்கம்.

'மக்கும்' என்ற சொல்லும் தனியாக நின்றால் போதாது. எவ்வளவு நாளில் மக்கும் என்பதுதான் விஷயம். அழுக்கெடுக்கும் மூலக்கூறு 28 நாளில் குறைந்தது 60 சதவீதம் முழுமையாகச் சிதைய வேண்டும் என்பது ஐரோப்பிய விதிகளில் உள்ள ஒரு அளவுகோல். இப்படி எண்ணோடு சொல்லும் லேபிள் நம்பத்தக்கது. மூலப்பொருட்களை முழுதாக அச்சிட்டிருந்தால் இன்னும் நல்லது. அதில் பாஸ்பேட், நோனைல்ஃபீனால் எதாக்ஸிலேட் இருந்தால் அந்தப் பொருளை விட்டுவிடலாம். இரண்டாவது சிதையும்போது மிஞ்சும் பொருள் மீன்களின் ஹார்மோன்களைக் குழப்பக்கூடியது.

நிறுவனம் தானே வரைந்துகொண்ட இலைக்கும், வெளியார் சோதித்துக் கொடுத்த முத்திரைக்கும் வித்தியாசம் உண்டு. ஜெர்மனியின் புளூ ஏஞ்சல் 1978இலும், வட ஐரோப்பிய நாடுகளின் நார்டிக் ஸ்வான் 1989இலும், இந்தியாவின் ஈகோமார்க் 1991இலும், ஐரோப்பிய ஒன்றியத்தின் மலர் முத்திரை 1992இலும் தொடங்கின. அமெரிக்காவில் சேஃபர் சாய்ஸ் இருக்கிறது. ஐரோப்பிய மலரும் ஸ்வானும் பொருள் உண்மையில் அழுக்கை எடுக்கிறதா என்றும் சோதிப்பதால், வாங்குபவருக்கு இரட்டை லாபம். அதே சமயம் முத்திரை இல்லாததெல்லாம் கெட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். சலவை சோடாவுக்கும் சிட்ரிக் அமிலத்துக்கும் யாரும் பெரிதாக முத்திரை வாங்குவதில்லை.

விலையைப் பார்க்கும் முறை

பாட்டிலின் விலையைப் பார்க்காதீர்கள், ஒரு முறை பயன்படுத்த ஆகும் விலையைப் பாருங்கள். ஒன்றைவிட மற்றது ஒன்றரை மடங்கு விலை என்று வைத்துக்கொள்வோம். முதலாவது 20 சலவைக்கு வரும், இரண்டாவது 40 சலவைக்கு. அப்படியானால் விலை கூடியதுதான் கால்பங்கு மலிவு. எத்தனை சலவைக்கு வரும் என்பது பெரும்பாலும் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும்.

தெளிக்கத் தயாராக வரும் ஸ்ப்ரேயில் பெரும்பகுதி தண்ணீர். அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து லாரியில் ஏற்றி வரும் செலவும் எரிபொருளும் நம் தலையில்தான் விழுகின்றன. செறிவான திரவம், பொடி, கரையும் மாத்திரை ஆகியவற்றை வாங்கி வீட்டுத் தண்ணீரில் கலந்துகொள்வது காசுக்கும் நல்லது, குப்பைக்கும் நல்லது. ஆனால் செறிவானதைப் பழைய பழக்கத்தில் அதே அளவு ஊற்றினால் லாபம் எல்லாம் போய்விடும். பொடிக்குள் ஒரு அளவுக் கரண்டி போட்டு வையுங்கள். ஒரு வாரம் வழக்கமான அளவில் முக்கால் பங்கு மட்டும் போட்டுத் துவைத்துப் பாருங்கள். துணி அதே மாதிரி வந்தால் இவ்வளவு நாளும் கால் பங்கு வீணாகியிருக்கிறது என்று அர்த்தம்.

வீட்டில் கலந்து வைக்கும் எதையும் குடிதண்ணீர் பாட்டிலிலோ குளிர்பானப் பாட்டிலிலோ ஊற்றாதீர்கள். என்ன பொருள், எவ்வளவு கலந்தது, எந்தத் தேதி என்று எழுதி ஒட்டுங்கள். மிட்டாய் மாதிரி இருக்கும் சலவைக் கட்டிகளைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். மக்கும் பொருள் என்பதற்காக அது விழுங்கத் தக்கது ஆகிவிடாது.

மாற நினைப்பவர்கள் வீட்டிலிருக்கும் பாட்டில்களை ஒரே நாளில் தூக்கி எறிய வேண்டாம், மொத்தமாகச் சாக்கடையில் ஊற்றவும் வேண்டாம். இருப்பதைத் தனித்தனியாகப் பயன்படுத்தித் தீர்த்துவிட்டு, ஒவ்வொன்றும் காலியாகும்போது அது எந்த அழுக்குக்காக வாங்கியது என்று பாருங்கள். அதே வேலையை ஏற்கெனவே வீட்டிலிருக்கும் இன்னொன்று செய்யுமானால் அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவிடலாம்.